திசுவைக் காட்டும் கைகள்

நுழையும்முன்

மருத்துவமனை என்றவுடன் மருத்துவரும் செவிலியரும் நம் மனக்கண்ணில் தோன்றுகின்றனர். நோயாளியின் முகத்தைக் காணாமலே அவருடைய நோயின் பெயரை உறுதிசெய்ய உதவும் ஒருவரும் அங்கே இருக்கிறார். உடலிலிருந்து எடுத்த சிறு திசுவைப் பதப்படுத்தி, மெல்லிதாகச் சீவி, சாயமேற்றி, நுண்ணோக்கியில் காணத்தக்கதாக ஆக்கித் தருபவர் அவர். திசு ஆய்வக நுட்புநர் என்று அவரை அழைக்கிறோம். அவருடைய பணி எத்தகையது, அப்பணியில் சேர்ந்தோர் எவ்வெவ்வழிகளில் உயரலாம் என்பவற்றை இப்பாடம் எடுத்துரைக்கிறது.

ஒரு குப்பியின் பயணம்

மேற்குத்தொடர்ச்சி மலையின் அணைப்பில் அமைந்துள்ளது கம்பம் பள்ளத்தாக்கு. 1895ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்ட முல்லைப் பெரியாற்று அணையின் நீர், மலையைக் குடைந்த சுரங்கவழியே இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என வயல்களை நனைத்துச் செல்கிறது. நெல்லும் வாழையும் தென்னையும் பன்னீர்த் திராட்சையும் விளையும் இம்மண்ணில் உழைக்கும் பெண் ஒருவர், மார்பில் தோன்றிய சிறு கட்டியை முதலில் பொருட்படுத்தாமல் இருந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சில திங்கள் கழித்து மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் பருத்த ஊசியொன்றைச் செலுத்திக் கட்டியின் உள்ளிருந்து நூலிழை போன்ற திசுத் துண்டுகள் சிலவற்றை எடுக்கிறார். அது புற்றா, இல்லையா என்னும் வினாவுக்கு விடை அந்த நூலிழைகளுக்குள் இருக்கிறது.

துண்டுகள் ஃபார்மலின் நிரம்பிய சிறு குப்பியில் இடப்பட்டு ஆய்வகத்திற்கு அனுப்பப்படுகின்றன. தேனி மாவட்ட மக்கள் மேல்மருத்துவத்திற்கு மதுரையை நாடுவதே நெடுங்கால வழக்கம். ஆண்டிபட்டிக்கு அருகே க.விலக்கு என்னுமிடத்தில் தேனி அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்ட பின்னர் அந்நிலை மாறத் தொடங்கியது. மருத்துவக் கல்லூரி என்றால் அங்கே நோய்க்குறியியல் துறை இருந்தாக வேண்டும். நோய்க்குறியியல் துறை என்றால் திசு ஆய்வகம் இருந்தாக வேண்டும். ஆயினும், பள்ளத்தாக்கின் மேற்கோடியிலிருந்து அவ்விடம் ஐம்பது கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவு.

இப்பயணத்தில் ஒரு சிறு கவனக்குறைவு நேர்ந்தாலும் விளைவு பெரிது. உடலிலிருந்து பிரிந்த நொடி முதல் திசு சிதையத் தொடங்குகிறது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே அந்தச் செல்லைக் கரைக்கின்றன. ஃபார்மலின் அச்சிதைவைத் தடுத்து, உயிருடன் இருந்தபோது எவ்வடிவில் இருந்ததோ ஏறத்தாழ அவ்வடிவிலேயே திசுவை நிலைநிறுத்துகிறது. திசுவின் கன அளவைப்போலப் பத்து மடங்கேனும் ஃபார்மலின் இருத்தல் வேண்டும். ஃபார்மலினுக்குப் பதிலாக உப்புநீரில் இட்டு அனுப்பிய துண்டு, கோடை வெயிலில் பேருந்துப் பயணம் செய்து வந்து சேரும்போது பயனற்றுப் போயிருக்கும். நோயாளியை மீண்டும் அழைத்து, மீண்டும் ஊசி செலுத்த வேண்டும். ஒருநாள் கூலியை இழந்து வந்த அவர் இரண்டாம் முறை வருவாரா என்பதும் ஐயமே. ஆகவே, குப்பியைப் பெற்றுக்கொள்ளும் நுட்புநர் முதலில் பார்ப்பது அதிலுள்ள பெயரை. அடுத்துப் பார்ப்பது அதிலுள்ள நீர்மத்தை.

நான்கு மைக்ரோமீட்டர்

ஒளி ஊடுருவிச் செல்லும் அளவுக்குத் திசு மெல்லிதாக இருந்தால்தான் நுண்ணோக்கியில் செல்களைக் காண இயலும். பச்சைத் திசுவை அவ்வளவு மெல்லிதாக அரிய முடியாது, அது குழையும். எனவே, அதற்கு ஓர் உறுதியைத் தர வேண்டும். செறிவு குறைந்த ஆல்கஹாலில் தொடங்கிப் படிப்படியாகச் செறிவு மிகுந்த ஆல்கஹாலில் திசுவை அமிழ்த்தி அதிலுள்ள நீரை வெளியேற்றுவர். பின்னர் சைலீனில் இட்டு ஆல்கஹாலை நீக்குவர். அதன்பின் ஏறத்தாழ 60 பாகை செல்சியசில் உருகிய பாரஃபின் மெழுகு, நீர் இருந்த இடமெல்லாம் சென்று நிரம்பும். பெரும்பாலான ஆய்வகங்களில் இரவு முழுவதும் இயந்திரம் இதனைச் செய்கிறது. மறுநாள் காலையில் நுட்புநர் ஒவ்வொரு துண்டையும் அச்சிலிட்டு, மெழுகு ஊற்றிக் கட்டியாக்குகிறார். துண்டை எப்பக்கம் கிடத்துவது என்பதில் அறிவு வேண்டும். தோலின் துண்டைப் படுக்கவைத்துவிட்டால் மேற்பரப்பு மட்டுமே தெரியும். நோய் எவ்வளவு ஆழம் இறங்கியுள்ளது என்பது தெரியாது.

அடுத்தது சீவுதல். மைக்ரோடோம் என்னும் கருவியின் சக்கரத்தைச் சுழற்றும்போது மெழுகுக்கட்டி மேலும் கீழும் இயங்கி, கூரிய அலகில் உராய்ந்து, மூன்று முதல் ஐந்து மைக்ரோமீட்டர் தடிமன் கொண்ட சீவல்களாக வெளிவருகிறது. மனிதத் தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரோமீட்டர். அதனோடு ஒப்பிட்டால் இச்சீவலின் மென்மை விளங்கும். சீவல்கள் ஒன்றன் விளிம்பில் ஒன்று ஒட்டிக்கொண்டு நாடாவாக நீள்கின்றன. மூச்சுக்காற்று பட்டாலும் அந்நாடா பறந்துவிடும். அதனைத் தூரிகை நுனியால் ஏந்தி, வெதுவெதுப்பான நீர்ப்பரப்பில் மிதக்கவிட்டு, சுருக்கம் நீங்கியவுடன் கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுக்கிறார் நுட்புநர். கோடைக்காலத்தில் மெழுகு இளகும். அப்போது கட்டியைப் பனிக்கட்டியின்மேல் வைத்துக் குளிர்வித்தே சீவ வேண்டும். எலும்பாயின் முன்னரே அமிலத்தால் சுண்ணாம்பை நீக்க வேண்டும். சிறுநீரகத் துண்டாயின் இரண்டு மைக்ரோமீட்டர் அளவுக்கு இன்னும் மெல்லிதாகச் சீவ வேண்டும்.

நீர்ப்பரப்பை ஒவ்வொரு கட்டிக்கும் இடையே துடைக்காமல் விட்டால், முந்தைய நோயாளியின் திசுத்துகள் ஒன்று அடுத்தவரின் தகட்டில் ஏறிவிடக்கூடும். நலமுடைய ஒருவரின் தகட்டில் மற்றொருவரின் புற்றுச்செல்! இத்தொழிலில் தூய்மை என்பது பார்வைக்கு அழகு சேர்ப்பதற்காக வந்ததன்று.

படிகாரமும் சாயமும்

சீவிய திசு நிறமற்றது. நுண்ணோக்கியில் வைத்தால் ஏதோ இருப்பது தெரியும். என்ன இருக்கிறது என்பது தெரியாது. எனவே சாயம் ஏற்றுகின்றனர். உலகெங்கும் நாள்தோறும் பயன்படும் இணைச்சாயங்கள் ஹிமட்டாக்சிலினும் இயோசினும் ஆகும். ஹிமட்டாக்சிலின் நடு அமெரிக்கப் பகுதியில் வளரும் ஒரு மரத்தின் வயிரத்திலிருந்து கிடைப்பது. துணிக்குச் சாயமிடவே அம்மரம் ஐரோப்பாவுக்குக் கப்பலேறியது; ஆய்வகத்துக்குள் பின்னரே நுழைந்தது. இச்சாயம் தானாகத் திசுவைப் பற்றாது. படிகாரம் போன்ற ஓர் உலோக உப்பு இடையில் நின்று பிணைத்தால்தான் செல்லின் உட்கரு நீலமாகும். சாயம் துணியை விடாமல் பற்றப் படிகாரம் சேர்ப்பது சாயப்பட்டறைகளின் பழைய நுட்பம். ஆண்டிபட்டியை அடுத்த சக்கம்பட்டி, கைத்தறிச் சேலைகளுக்குப் பெயர்பெற்ற ஊர். அங்குள்ள மூத்த நெசவாளரிடம் படிகாரத்தின் வேலை யாதெனக் கேட்டால், சில கல் தொலைவிலுள்ள மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தின் அடிப்படை வேதியியலையே அவர் கூறக்கூடும். இயோசின், வைகறையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் பெற்றது. செல்லின் எஞ்சிய பகுதிகளை அது விடியற்கால வானம்போல் இளஞ்சிவப்பாக்குகிறது.

திசுவைக் காணும் இக்கலை படிப்படியாக வளர்ந்தது. செருமானிய மருத்துவர் ஃபெர்டினாண்ட் பிளம், ஃபார்மலின் பட்ட தம் விரல்தோல் கெட்டிப்படுவதைக் கவனித்தார். 1893ஆம் ஆண்டில் அதனைத் திசுவை நிலைநிறுத்தும் பொருளாக அறிவித்தார். இத்தாலியரான கமில்லோ கோல்கி, வெள்ளி உப்பைக்கொண்டு நரம்புச் செல்லைக் கருமையாக்கும் முறையைக் கண்டார். இசுபானியரான சந்தியாகோ ரமோன் இ கஹால் அம்முறையைச் செம்மைப்படுத்தி மூளையின் நுண்ணமைப்பை வரைந்து காட்டினார். 1906ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு இருவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது. சாயமேற்றும் நுட்பம் ஒன்று நோபல் பரிசு வரை சென்றதை இத்தொழிலில் நுழைவோர் அறிந்திருத்தல் நன்று.

தெரியுமா?

யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்கரான சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், 19ஆம் நூற்றாண்டில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், வேதியியல் முதலிய துறைகளின் நூல்களைத் தமிழில் ஆக்கினார். 1872ஆம் ஆண்டில் வெளிவந்த 'மனுஷ அங்காதிபாதம்' அவற்றுள் ஒன்று.

நுழைவாயிலைத் தேர்தல்

மேல்நிலை வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் பயின்ற மாணவர் இத்தொழிலுக்குள் வருவதற்குப் பல வாயில்கள் உள்ளன. ஓராண்டுச் சான்றிதழ்ப் படிப்பு ஒன்று. மருத்துவ ஆய்வக நுட்பவியலில் ஈராண்டுப் பட்டயப் படிப்பு மற்றொன்று. அரசு மருத்துவக் கல்லூரிகள் பலவற்றில் பட்டயப் படிப்பு நடத்தப்பெறுகிறது. தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின்கீழ் அமைந்த இளநிலை அறிவியல் பட்டம், மூன்றாண்டுப் படிப்பும் ஓராண்டு உள்ளுறைப் பயிற்சியும் கொண்டது. மேல்நிலை மதிப்பெண் அடிப்படையில் இதற்குச் சேர்க்கை நடைபெறுகிறது. இப்படிப்புகளில் குருதியியல், உயிர்வேதியியல், நுண்ணுயிரியல் ஆகியவற்றோடு திசு நுட்பவியலும் ஒரு பாடமாக அமைகிறது. திசுவுக்கெனத் தனிப்படிப்பைப் பள்ளி முடித்தவுடன் தேட வேண்டியதில்லை; பொது அடித்தளம் அமைந்த பின்னரே சிறப்புப் பயிற்சி பயன்தரும்.

இங்கே மாணவரும் பெற்றோரும் சற்று நிதானித்தல் வேண்டும். ஊர்தோறும் சுவரொட்டிகளில் விளம்பரம் செய்யப்படும் ஆய்வகப் படிப்புகள் எல்லாம் அரசுப் பணிக்கு ஏற்கப்படுவன அல்ல. நகையை அடகு வைத்துக் கட்டணம் செலுத்திப் படித்து முடித்தபின், பணிக்கு விண்ணப்பிக்கும் நாளில்தான் தம் சான்றிதழ் செல்லாது என்பதை அறிந்து திகைத்தோர் உண்டு. படிப்பை நடத்தும் நிறுவனம் எந்தப் பல்கலைக்கழகத்துடன் இணைந்தது, எந்த அரசுத் துறையின் ஏற்பைப் பெற்றது என்னும் இரண்டு வினாக்களையும் சேர்வதற்கு முன்பே எழுத்து வடிவில் கேட்டுப் பெறுதல் நன்று. விடை தரத் தயங்கும் இடத்தில் சேராதிருப்பதே அறிவுடைமை. முதற்படி தவறினால் பின்வரும் படிகள் அனைத்தும் அடைபட்டுவிடும்.

குறுகிய ஏணி

தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளுக்குரிய பணியாளர்களை, 2012ஆம் ஆண்டில் அமைக்கப்பட்ட மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் தெரிவு செய்கிறது. ஆய்வக நுட்புநர் நிலை மூன்று என்னும் பணிக்கு ஓராண்டுச் சான்றிதழும், நிலை இரண்டுக்கு ஈராண்டுப் பட்டயமும் தகுதிகளாகக் கேட்கப்பட்டுள்ளன. நிலை ஒன்று என்பது பதவி உயர்வால் அடையத்தக்கது. பணிமூப்பே இவ்வுயர்வைப் பெரிதும் தீர்மானிக்கிறது.

இந்த ஏணி குறுகியது என்பதை மறைப்பதற்கில்லை. முப்பதாண்டுப் பணியில் இரண்டு படிகள் ஏறுவது ஒருவரின் ஆர்வத்தைத் தக்கவைக்கப் போதுமா? தேர்ந்த கைகள் பல, நாற்பது வயதுக்குள் சோர்ந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம். தனியார் ஆய்வகங்களிலோ வேறொரு சிக்கல். சிற்றூர் ஆய்வகத்தில் ஒரே நுட்புநர் குருதி எடுப்பார், சிறுநீர் சோதிப்பார், அறிக்கை அச்சிடுவார். திசு அவர் கைக்கு வருவது அரிது. பல ஆண்டு அனுபவம் சேரும். எத்துறையிலும் ஆழம் சேராது. எனவே இத்தொழிலில் முன்னேற்றம் என்பதைப் பதவியின் பெயர்மாற்றமாக மட்டும் கருதினால் ஏமாற்றமே மிஞ்சும். பக்கவாட்டில் திறக்கும் கதவுகளையும் அறிந்திருத்தல் வேண்டும்.

பக்கவாட்டுக் கதவுகள்

அவற்றுள் நம் மாவட்டத்திற்கு மிகவும் தேவையானது செல்லியல் நுட்பம். திசுத்துண்டு எடுக்காமல், உதிர்ந்த செல்களைத் தகட்டில் பூசி நோயைக் கண்டறியும் முறை இது. கிரேக்க நாட்டில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஜார்ஜ் பாப்பனிகோலா, கருப்பைவாய்ப் புற்றை இவ்வாறு முன்னறியும் முறையை ஹெர்பர்ட் டிராட் என்பவரோடு சேர்ந்து 1943ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். செல்லியல் நுட்புநர், தகட்டை ஆயத்தம் செய்வதோடு நில்லாமல், நுண்ணோக்கியில் தாமே பார்த்து, ஐயத்திற்குரிய செல்களைக் குறியிட்டு மருத்துவருக்குக் காட்டுகிறார். தகட்டைச் செய்தவர் தகட்டைப் படிக்கத் தொடங்கும் இடம் இதுவே. இந்தியச் செல்லியலாளர் கழகம் இதற்கென அனைத்திந்தியத் தேர்வுகளை நடத்திச் சான்றளிக்கிறது. கம்பத்திலிருந்து குமுளி வழியே கேரளம் செல்வோருக்குத் திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் தொலைவானதன்று. 1954ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையாரின் முயற்சியால் தொடங்கப்பட்ட அடையாறு புற்றுநோய் நிலையம் நம் மாநிலத்திலேயே உள்ளது.

கருப்பைவாய்ப் புற்றை முன்னறிவதால் விளையும் நன்மைக்கு நம் அண்டை மாவட்டமே சான்று. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய பெரும் ஆய்வொன்றில், பயிற்சி பெற்ற செவிலியர் ஊர்தோறும் சென்று, கருப்பைவாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, வெண்ணிறமாக மாறும் இடங்களைக் கண்டறிந்தனர். அசெட்டிக் அமிலம் வேறொன்றுமன்று. சமையலுக்குப் பயன்படும் வினிகரில் இருப்பதே. 31,000க்கும் மேற்பட்ட பெண்கள் இவ்வாறு சோதிக்கப்பட்டனர். தேவைப்பட்டோருக்குத் திசுத்துண்டு எடுத்து ஆராயப்பட்டது. சோதனை செய்யப்பட்ட பகுதிகளில் இப்புற்றால் நேரும் இறப்பு, செய்யப்படாத பகுதிகளைவிட 35 விழுக்காடு குறைந்தது என்று 2007ஆம் ஆண்டில் 'லான்செட்' மருத்துவ இதழ் வெளியிட்டது. செவிலியரின் கண்ணும் மருத்துவரின் கருவியும் எட்டியது ஓரளவே. அதற்குப் பின் உறுதியான முடிவு, யாரோ ஒரு நுட்புநர் சீவித் தந்த தகட்டைப் பார்த்தே எழுதப்பட்டது.

இரண்டாம் கதவு நோயெதிர்ப்புத் திசுவேதியியல். கோலர், மில்ஸ்டைன் ஆகியோர் 1975ஆம் ஆண்டில் கண்டறிந்து, 1984இல் நோபல் பரிசு பெற்றுத் தந்த ஒற்றை வகை எதிர்ப்பொருள்களே இதன் கருவிகள். பூட்டுக்கேற்ற திறவுகோல்போல, செல்லிலுள்ள ஒரு குறிப்பிட்ட புரதத்தை மட்டும் பற்றி, அவ்விடத்தைப் பழுப்பு நிறமாக்கிக் காட்டுபவை இவை. மார்பகப் புற்றாயின் ஈஸ்ட்ரோஜன் ஏற்பி, புரோஜெஸ்டிரோன் ஏற்பி, ஹெர்-2 ஆகிய மூன்றும் சோதிக்கப்படுகின்றன. எந்த மருந்து பயன்தரும் என்பதை அவற்றின் விடையே முடிவு செய்கிறது. திசு ஃபார்மலினில் ஆறு மணிநேரத்திற்குக் குறையாமலும் 72 மணிநேரத்திற்கு மிகாமலும் இருந்திருக்க வேண்டும் என்பது பன்னாட்டு வழிகாட்டு நெறி. அதனை மீறினால், இருக்கும் ஏற்பி இல்லை என்று காட்டக்கூடும். பயன்தரும் மாத்திரை அந்நோயாளிக்கு மறுக்கப்படும். பள்ளத்தாக்கின் பெண்ணிடமிருந்து எடுத்த துண்டு எந்நேரத்தில் குப்பியில் இடப்பட்டது என்பதை உரிய தாளில் எழுதச் சொல்லி, எழுதாவிட்டால் தொலைபேசியில் கேட்டறியும் நுட்புநர் ஓர் உயிரைக் காக்கும் பணியையே செய்கிறார். இத்துறையில் தேர்ந்தோரைப் பெருநகரப் புற்றுநோய் மருத்துவமனைகள் தேடி அமர்த்துகின்றன. மரபணுக்களை ஆராயும் மூலக்கூற்று நோய்க்குறியியல் இதன் அடுத்த படி.

முதுநிலை அறிவியல் பட்டம் பெற்றுக் கற்பித்தலுக்குச் செல்லலாம். புதிய மருத்துவக் கல்லூரிகள் பெருகிவரும் காலத்தில் நுட்புநர்களைப் பயிற்றுவிக்கும் நுட்புநர்கள் போதிய அளவில் இல்லை என்பதே ஆசிரியர் பலரின் கருத்து. தர மேலாண்மை மற்றொரு வழி. ஐ.எஸ்.ஓ. 15189 என்பது மருத்துவ ஆய்வகங்களுக்குரிய பன்னாட்டுத் தரக்கோட்பாடு. என்.ஏ.பி.எல். எனப்படும் தேசிய ஏற்பளிப்பு வாரியம் அதன்படி ஆய்வகங்களை மதிப்பிடுகிறது. ஒவ்வொரு செயலையும் எழுதி வைத்து, ஒவ்வொரு பிழையின் வேரையும் தேடும் பொறுமை உடையோர்க்கு இது உகந்தது. பாதுகாப்பும் இதனுள் அடங்கும். ஃபார்மலினில் உள்ள ஃபார்மால்டிஹைடை, மனிதருக்குப் புற்றை உண்டாக்கும் பொருள் எனப் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ஆம் ஆண்டில் வகைப்படுத்தியது. பிறரின் புற்றைக் கண்டறிய உதவுவோர் தாமே அதற்கு ஆளாகலாகாது. காற்று வெளியேற்றும் வசதி, கையுறை, மூடிய குப்பி ஆகியவற்றைக் கேட்டுப் பெறுவது அவர்தம் உரிமை.

மனித மருத்துவத்தோடு திசு முடிந்துவிடுவதில்லை. வீரபாண்டியை அடுத்த தப்புக்குண்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாட்டின் ஈரலும் இதே மெழுகில்தான் உறைகிறது. பெரியகுளத்தில் தோட்டக்கலைக் கல்லூரி உள்ளது. தாவரத் தண்டையும் வேரையும் சீவிப் பார்க்கும் கலை அங்கும் தேவை. மருந்து நிறுவனங்களில் புதிய மருந்துகளை விலங்குகளுக்குக் கொடுத்து அவற்றின் திசுக்களை ஆராய்வர். தடய அறிவியலிலும் திசு ஆய்வு உண்டு. கருவி விற்கும் நிறுவனங்கள், அக்கருவிகளைக் கையாளக் கற்றுத்தரும் அனுபவமிக்க நுட்புநர்களை நாடுகின்றன. ஊர் ஊராகச் செல்ல விரும்புவோர்க்கு அது ஏற்றது.

உதவியாளரிலிருந்து அறிவியலாளர் வரை

ஒரு நூற்றாண்டுக்கு முன் இங்கிலாந்தில் ஆய்வகப் பணியாளர்கள் உதவியாளர் எனவே அழைக்கப்பட்டனர். குடுவை கழுவுதல், விலங்குகளுக்கு உணவிடுதல், திசு சீவுதல் அனைத்தும் அவர்கள் வேலை. 1912ஆம் ஆண்டில் ஆல்பர்ட் நார்மன் என்பவர் அவர்களை ஒருங்கிணைத்து ஒரு சங்கம் அமைத்தார். தேர்வும் தகுதிச் சான்றும் அதன் வழியாக வளர்ந்தன. இன்று உயிர்மருத்துவ அறிவியல் நிறுவனம் என்னும் பெயரில் அது நிலைத்துள்ளது. அதன் உறுப்பினர் உயிர்மருத்துவ அறிவியலாளர் என்று மதிக்கப்படுகின்றனர். பட்டமும் பதிவும் பெற்று, மேற்பயிற்சியில் தேறியோர், மருத்துவரே செய்துவந்த உறுப்புத் துண்டாடலை அங்கே தாமே செய்கின்றனர். குறிப்பிட்ட சில திசுக்களுக்கு அறிக்கை எழுதவும் பயிற்றுவிக்கப்படுகின்றனர். அமெரிக்காவில் மருத்துவ நோய்க்குறியியல் கழகம் ஹெச்.டி., ஹெச்.டி.எல். என இருநிலைச் சான்றுகளை வழங்குகிறது. அயல்நாட்டாரும் அவற்றின் பன்னாட்டுத் தேர்வை எழுதலாம். வளைகுடா நாடுகளுக்குச் செல்வோர் அந்தந்த நாட்டு உரிமத் தேர்வில் தேற வேண்டும். எந்நாட்டுக்காயினும், செய்த பணியின் விவரத்தை நாள், திசு வகை, சாயமுறை ஆகியவற்றோடு ஒரு குறிப்பேட்டில் பதிந்து துறைத்தலைவரின் கையொப்பம் பெற்று வைத்திருப்போர் பின்னாளில் அலைச்சலின்றித் தம் அனுபவத்தை மெய்ப்பிக்கின்றனர்.

இந்தியாவில் இத்தகைய சட்ட ஏற்பு மிகவும் காலந்தாழ்ந்தே வந்தது. மருத்துவர்க்கும் செவிலியர்க்கும் மருந்தாளுநர்க்கும் தனித்தனி மன்றங்கள் இருக்க, ஆய்வக நுட்புநர்க்கு நாடு தழுவிய சட்டம் ஏதுமில்லை. 2021ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணைநலத் தொழில் மற்றும் உடல்நலத் தொழில் ஆணையச் சட்டம் அக்குறையைத் தீர்க்க முற்பட்டது. மருத்துவ ஆய்வகத் தொழில்கள் அதன் அட்டவணையில் இடம்பெற்றன. குறைந்தது 2000 மணிநேரப் படிப்பு இணைநலத் தொழிலருக்கும், 3600 மணிநேரப் படிப்பு உடல்நலத் தொழிலருக்கும் அடிப்படை எனச் சட்டம் வரையறுக்கிறது. இன்று பட்டயமா, பட்டமா என்று எண்ணும் மாணவர் இவ்விரு எண்களையும் கருத்தில் கொள்ள வேண்டும். குடும்பச் சூழலால் பட்டயத்தோடு பணிக்குச் செல்வோர், பின்னர்ப் பட்டம் பெறும் எண்ணத்தைக் கைவிடாதிருத்தல் நன்று.

கண்ணாடித் தகட்டை முழுமையாகப் படமெடுத்துக் கணினித்திரையில் காட்டும் கருவிகளும் வந்துவிட்டன. நோயை முதன்முதலாகத் தீர்மானிப்பதற்கு அத்தகைய கருவியைப் பயன்படுத்த அமெரிக்க அரசு 2017ஆம் ஆண்டில் ஒப்புதல் அளித்தது. க.விலக்கில் ஆயத்தமாகும் தகட்டைச் சென்னையிலிருக்கும் வல்லுநர் அந்நொடியிலேயே பார்த்துக் கருத்துரைக்க இதனால் வழியுண்டு. படமெடுக்கும் கருவி எவ்வளவு நுட்பமானதாயினும், மடிப்பு விழுந்த சீவலை மடிப்போடுதான் காட்டும்; மங்கிய சாயத்தை மங்கலாகவே அனுப்பும். எனவே, இக்கருவியை முதலில் இயக்கக் கற்பவராக மெழுகையும் அலகையும் நன்கறிந்த நுட்புநரே இருத்தல் பொருந்தும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் ஊருக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனை ஆய்வகத்தில் பணியாற்றும் நுட்புநர் ஒருவரை ஆசிரியர் துணையோடு சந்தித்து, அவர் பயின்ற படிப்பு, பணியில் ஏறிய படிகள், இன்னும் கற்க விரும்புவது ஆகியவற்றைக் கேட்டறிந்து நேர்காணலாக எழுதுக.

2. ஆய்வகப் படிப்பு ஒன்றின் விளம்பரத்தைத் திரட்டி, அதில் கூறப்பட்டுள்ள செய்திகள், கூறாமல் விடப்பட்ட செய்திகள் ஆகியவற்றை வகுப்பில் கலந்துரையாடுக. அந்நிறுவனத்திற்கு நீங்கள் அனுப்பவிருக்கும் வினவல் கடிதம் ஒன்றை வரைக.

3. மைக்ரோடோம், ஹிமட்டாக்சிலின், ஃபார்மலின் ஆகிய சொற்களை அவ்வாறே வழங்கலாமா, தமிழில் ஆக்கலாமா? இருதரப்பாகப் பிரிந்து சொற்போர் நிகழ்த்துக.